மூட்டைக் கணக்கு

திங்கள் விடியலில் வசனத்தை வாயில் போட்டுக்கொள்வேன்.
படிப்பது வேறு. இது,
சதை கரைந்த பிறகும்
நாக்கு விடாமல் புரட்டிக்கொண்டிருக்கிற
பீச் கொட்டையைப்போல.

லெசோத்தோ மலையில் எனக்கு மூன்று சபைகள், ஒரே குதிரை.
பெயர் செபாட்டா. கொடிய மிருகம் என்று பொருள்;
பரம சாது.
முதல் பிரசங்கம் அதன் காதுகளுக்குத்தான்.
ஏற்றத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கும்போது
நீண்ட வாக்கியங்கள் தாமாகவே முறிந்து விழும்.
விழுந்ததைக் குனிந்து எடுப்பதில்லை.

நடுவாரத்தில் யார் வீட்டிலாவது உட்கார்ந்திருப்பேன்.
பேசுவதற்கல்ல.
மாபொலோகோவின் கணவர்
எல்லைக்கு அப்பால் தங்கம் தோண்டப் போய்
நெஞ்சு நிறையக் கல்தூசியோடு திரும்பியவர்.
ஓர் இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவே
அவர் வைக்கிற அரை வாக்கியத்துக்குக் காத்திருக்க
களைப்பில்லாத உடம்பு வேண்டும்.
அதனால் இரவு எட்டரைக்கே படுத்துவிடுவேன்.
தூக்கமும் ஊழியம்தான் என்று
இறையியல் கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளி எழுதுவேன். சனி அடிப்பேன்.
எந்த வரி எனக்கு மிகவும் பிடித்ததோ
அதன்மேல்தான் முதல் கோடு;
'என்னைப் பார், என் நடையைப் பார்' என்கிற வரி அது.
சாணி வறட்டிப் புகைக்கு நடுவிலிருந்து கெலெபோனே கேட்பாள்:
'வியாழக்கிழமை நம் சண்டை இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?'
மனைவியிடம் மறைக்க முடியாது.
காட்டுவேன். அதுவும் போகும்.

இத்தனை பழக்கங்களும் இருந்துதான்
மே மாதம் நான் மாட்டிக்கொண்டேன்.
செபாட்டா கயிற்றை அறுத்துக்கொண்டு போய்
ரமொஹாப்பியின் சோளக்கொல்லையில்
இரவெல்லாம் விருந்து சாப்பிட்டது.
ஒரு மூட்டை நஷ்டம் என்றார்.
அரை மூட்டை என்றேன்.
பதினொரு நாள் ஓடையைச் சுற்றிக்கொண்டு
வேறு பாதையில் போனேன்.

அந்த வாரத்து வசனமோ
கடன்பட்டவர்களை மன்னிப்பதைப் பற்றி.

குதிரைமேல் சொல்லிப் பார்த்தேன்:
'மன்னியுங்கள், அன்பானவர்களே!'
செபாட்டா காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது.
தின்றது யார் என்று அதற்குத் தெரியும்.
கொடுக்காதது யார் என்றும்.

சனி மாலை, அந்த ஆண்டின் முதல் பனி.
போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
நடந்தே போனேன்.
அந்தக் குதிரையில் அந்த வாசலுக்குப் போக
முகமில்லை.

ரமொஹாப்பி கதவைப் பாதிதான் திறந்தார்.
'ஒரு மூட்டைதான்,' என்றேன்.
'ஒரு மூட்டைதான்,' என்றார்.
'மன்னிக்க வேண்டும்.'
'மூட்டை வரட்டும்.'

அவ்வளவே.
கட்டித் தழுவவில்லை, உள்ளே வா என்றும் இல்லை.
கதவு சாத்திய பிறகும்
தட்டிய விரல்கள் குளிரில் விறைத்துக் கிடந்தன.

அன்றிரவு மூன்று தாள்கள் அடுப்புக்குப் போயின.
மன்னிப்பது எவ்வளவு சுலபம் என்று
எழுதியிருந்த தாள்கள் நன்றாகவே எரிந்தன.
மிஞ்சிய ஒன்றில்
கடன்காரன் கதவைத் தட்டும்போது
கை எவ்வளவு கனக்கும் என்பது மட்டும்.

ஞாயிறு.
பீடத்தில் வாய் திறக்கும் முன்
பலகை பலகையாகப் பெயர்களை மனதுக்குள் சொல்வேன்;
என் ஜெபம் அவ்வளவுதான்.
மூன்றாம் பலகையில்
முழங்காலில் தொப்பி, மார்பில் கட்டிய கைகள்.
அந்தப் பெயரில் தடுக்கினேன்.
தாண்டிப் போகாமல் நின்றேன்,
முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

பிறகு பதினான்கு நிமிடம் பேசினேன்.

வாசலில் கைகுலுக்கும்போது சொன்னார்:
'இன்றைக்குச் சுருக்கமாக இருந்தது, போதகரே.'
கையை விடாமலே கேட்டார்:
'உங்கள் கொல்லையில் அறுவடை எப்போது?'